வாலுக்காக வெட்டிய பாதி

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் கடிதத்துக்கு மரியாதை. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் நலமாக இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆகவே அந்த வரியை விட்டுவிடுகிறேன். நேற்று மாலை உன் வார்டில், பார்வையாளர்களை வெளியே அனுப்பும் மணி அடிக்கும்வரை உன்னிடம் கெஞ்சினேன். நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் அடங்கியதும் தலையணையில் சாய்ந்துகொண்டு, "விடுங்க லா, அப்பா, நான் என்ன சைக்கிள் டயரா, காத்தடிச்சு ஓட்ட?" என்றாய். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன், பழக்கதோஷம். வெளியே வந்து டிராமில் ஏறி உட்கார்ந்தேன். டிக்கெட்காரர் சில்லறையை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை அவரே மடக்கிவிட்டுப் போனார்.

டாக்டர் சொன்னதை உன் முன்னால் முழுசாகச் சொல்ல எனக்கு நா எழவில்லை, இங்கே எழுதுகிறேன். உன் வலது பக்க நுரையீரலில் சயரோகம் பிடித்திருக்கிறது. இடது பக்கம் இன்னும் சுத்தமாக இருக்கிறது. விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி செலுத்தி, நுரையீரலைச் சுற்றிலும் காற்றை நிரப்பினால், புண்பட்ட நுரையீரல் சுருங்கி அசையாமல் ஓய்வெடுக்கும். ஒடிந்த கையைக் கட்டுப்போட்டு வைப்பதுபோல இது என்றார். செவ்வாய்க்கிழமை காலை அதற்கான நாள். நீ சரி என்று சொன்னால்தான் போடுவார்கள். தள்ளிப்போட்டால் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு காற்று போக வழியிருக்காது. நீயோ வேண்டாம் என்கிறாய். ஏன் வேண்டாம் என்கிறாய் என்பது இந்தப் பினாங்கில் என்னைத் தவிர வேறு யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் வேலை என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதை வேறு சிலரும் படிக்கப்போகிறார்கள், அவர்களுக்கும் விளங்கவேண்டும். கப்பலில் வந்திறங்கும் இங்கிலீஷ் பத்திரிகைகளைப் புரட்டி, அதிசயச் செய்திகளைத் தமிழாக்கிக் கொடுப்பவன் நான். ரப்பர் விலையும் கப்பல் வரவும் கோயில் அறிவிப்பும் கோத்து முடித்தபின் பத்தியின் அடியில் கொஞ்சம் இடம் மீந்துபோகும். அச்சுக் கோப்பவர் அதை விரலால் அளந்துவிட்டு, நாலு விரல் காலியாக இருக்கிறது என்று குரல் கொடுப்பார். நாலு விரல் என்றால் ஒரு விஞ்ஞானக் கண்டுபிடிப்பு. இரண்டு விரல் என்றால் சினிமா நடிகையின் விவாகரத்து. எதுவானாலும் கடைசியில் என் சொந்தச் சரக்காக ஒரு வரி சேர்ப்பேன். எங்கள் அச்சகத்தில் அதற்குப் பெயர் வால். இடம் போதாமல் போனால் செய்தியை வெட்டுவோம். வாலை வெட்டி யாரும் பார்த்ததில்லை.

சீமையில் கிழவர்களுக்குக் குரங்கின் சுரப்பியை வைத்துத் தைத்து வாலிபர்களாக்குகிறார்கள் என்று ஒரு செய்தி வந்தது. தண்ணீர்மலைத் தோட்டத்துக் குரங்குகள் எச்சரிக்கையாக இருக்கவும் என்று வால் போட்டேன். செவ்வாய்க் கிரகத்தில் யாரோ கால்வாய் வெட்டியிருக்கிறார்கள் என்று வந்தபோது, எங்கள் தெருச் சாக்கடைக்கும் அவர்களையே அனுப்பிவைத்தால் தேவலை என்று எழுதினேன். லண்டனில் ஒருவர் பேசியதைக் கம்பியே இல்லாமல் கடல் தாண்டிக் கேட்டார்கள் என்றால், எங்கள் சந்தில் அடுத்த வீட்டுப் பேச்சை இருபது வருஷமாகக் கம்பியில்லாமல்தானே கேட்கிறோம் என்றேன். பெண்கள் மின்சாரத்தால் கூந்தலைச் சுருட்டிக்கொள்கிறார்கள் என்ற செய்திக்கு, மின்சாரக் கட்டணச் சீட்டு வந்தாலே எங்கள் வீட்டில் முடி தானாகச் சுருண்டுகொள்கிறது என்பது வால். கடைத்தெருக் கோப்பிக் கடைகளில் ஜனங்கள் வாலை முதலில் படித்துச் சிரித்துவிட்டு, நேரம் ஒழிந்தால்தான் மேலே என்ன செய்தி என்று பார்ப்பார்கள். நீயும் அப்படித்தான். எழுத்துக்கூட்டத் தெரிந்த நாள்முதல் உன் விரல் பத்தியின் அடியில்தான் போய் நிற்கும். அதைப் பார்த்து எனக்கு எவ்வளவு கர்வம் தெரியுமா? பிள்ளைக்குச் சொத்து சேர்க்க முடியாதவன், நாக்கையாவது கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் செய்தி வந்த சாயங்காலம் உனக்கு நினைவிருக்கும். கப்பல் கம்பெனி ஆபீசிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கோப்பியை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தாய். நான் இங்கிலீஷைப் பார்த்துக்கொண்டே தமிழில் படித்தேன்: ஐரோப்பாவில் சயரோகக்காரர்களின் நெஞ்சில் ஊசி போட்டுக் காற்றடைக்கிறார்கள். நீ டம்ளரைக் கீழே வைக்கவில்லை, ஒரு கணம் யோசிக்கவும் இல்லை. "நம்ம தெரு சைக்கிள் கடைக்காரன் அஞ்சு காசுக்கு அடிப்பானே. அவனுக்கும் ஒரு டாக்டர் பட்டம் குடுத்துட வேண்டியதுதான்" என்றாய். உன் அம்மாவுக்குப் புரையேறியது. நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அப்படியே எழுதி, மறுநாள் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த வாலைப்போல நான் எழுதிய எதுவும் ஓடவில்லை. டியூபுக்குக் காற்றடிக்கக் குனிந்தவனையெல்லாம் டாக்டரே என்று கூப்பிட்டார்கள். தைப்பூசக் கூட்டத்தில் மூச்சுவாங்கி நின்ற ஒரு தடித்த மனிதரிடம் ஒருவன் பம்பை நீட்டியதைக் கண்ணால் பார்த்தேன். வால் உன்னுடையது என்று சொல்லிப் பெருமைப்பட எத்தனையோ முறை வாய்வரை வந்தது. ஆனால் பத்தியில் யாருடைய பெயரும் போடுவதில்லை என்பது எங்கள் வழக்கம்.

ஒன்று மட்டும் உனக்குத் தெரியாது. அன்று நான் உனக்குப் படித்தது பாதிச் செய்தி. நீ பேச வாயெடுத்ததும் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். மீதியை நீ தூங்கப் போனபின் நான் மட்டும் படித்தேன். மறுநாள் அச்சகத்தில் நாலு விரல் இடம்தான் இருந்தது. செய்தி ஒரு முழு உள்ளங்கை வரும். உன் வால் ஒரு விரல். எதை வெட்டுவது என்று நான் யோசித்ததாகக்கூட நினைவில்லை. அந்த மீதியில் என்ன இருந்தது என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். சொல்லாமல் விடமாட்டேன்.

உன் இருமலை நான் முதலில் கேட்டது எங்கே தெரியுமா? வீட்டில் இல்லை. வீட்டில் நீ எப்போதும் இருமிக்கொண்டுதான் இருந்திருப்பாய், எங்கள் காதில் விழவில்லை. தமிழ் பேசும் படம் முதன்முதலாக நம் ஊருக்கு வந்தபோது மூன்று பேரும் போனோமே, அங்கேதான். ஊமைப் படக் காலத்தில் கொட்டகைக்குள் கச்சான் கடலை கொறிப்பார்கள், பிள்ளைக்குப் பால் கொடுப்பார்கள், சண்டை போடுவார்கள், இருமுவார்கள், யாரும் யாரையும் சட்டைசெய்வதில்லை. படம் பேச ஆரம்பித்ததும் ஜனங்கள் வாய்மூடக் கற்றுக்கொண்டார்கள். விஞ்ஞானத்தால் கிடைத்த ஒரே நன்மை இதுதான் என்று அன்றைக்கே ஒரு வால் மனசில் ஓடியது. திரையில் கதாநாயகி சாகக் கிடந்தாள், சாகும்போதும் மூச்சுவிடாமல் நாலு பாட்டுப் பாடினாள். அவள் மூன்றாவது பாட்டில் இருக்கும்போது நீ இருமத் தொடங்கினாய். முன்வரிசையிலிருந்து தலைகள் திரும்பின. ஒருவர் உச்சுக்கொட்டினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெளியே போய் இருமிவிட்டு வா என்று உன் காதில் சொன்னேன். நீ எழுந்து, ஆட்களின் முழங்கால்களுக்கு நடுவே குனிந்துகொண்டு போனாய். படம் முடியும்வரை நீ திரும்பி வரவில்லை. உன் அம்மா அந்தக் கதாநாயகிக்காக முந்தானை நனைய அழுதாள், நான் அவளைக் கேலி செய்தேன். வாசலில் நீ சுவரோடு சாய்ந்து நின்றாய். கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாய். நான் பார்த்தேன். என்னவென்று கேட்கவில்லை.

பிறகு ஆஸ்பத்திரி. உன்னைக் கவனிக்கும் யாழ்ப்பாணத்து டாக்டர் உன் நெஞ்சின் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எக்ஸ்ரேயைப் பற்றி நான் எழுதியது ஞாபகம் வந்தது: கஞ்சனின் நெஞ்சைப் படமெடுத்தால் இரும்புப்பெட்டி தெரியும். படத்தில் உன் விலா எலும்புகள் தெரிந்தன. கைக்குழந்தையாக இருந்தபோது உன்னைக் குளிப்பாட்டுகையில் என் விரலுக்குத் தட்டுப்பட்ட அதே எலும்புகள்தான், அவற்றை எனக்கு அடையாளம் தெரிந்தது. வலது பக்கத்தில் மூலையில் ஒட்டடை படிந்ததுபோல ஒரு வெண்மை. அதைத் துடைத்துவிடலாம் என்று தோன்றியது. உண்மையாகவே கையை நீட்டிவிட்டேன், டாக்டர் படத்தைச் சற்றே தள்ளிப் பிடித்தார். "இப்ப குத்தினால் காத்து போகும். பிந்தினால் ஒட்டிப்போடும், பிறகு நான் செய்யிறதுக்கு ஒண்டுமில்லை" என்றார். பிழைப்பானா என்று கேட்டேன். தெரியாது என்றார். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை படித்த மனிதருக்கு ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியவில்லையே என்று.

அந்தக் கோபத்தில் நான் செய்த காரியங்களைக் கேட்டால் நீ கட்டிலிலிருந்து விழுந்துவிழுந்து சிரிப்பாய். நம் பத்திரிகையின் பின்பக்கத்தில் விளம்பரம் வருமே, அதையெல்லாம் திருத்திக் கொடுப்பவனும் நான்தான், அவற்றின் பொய் ஒவ்வொன்றுக்கும் இலக்கணம் பார்த்தவன். மின்சாரக் கச்சை என்று ஒன்று, இடுப்பில் கட்டினால் எண்பது வியாதி பறக்கும் என்று போட்டிருக்கும். வாங்கினேன். உனக்குக் கட்டுமுன் என் இடுப்பில் கட்டிப்பார்த்தேன், தோல் சிவந்ததுதான் மிச்சம். ரேடியம் கலந்த தண்ணீர் என்று ஒரு புட்டி. அதை முகர்ந்த உன் அம்மா, நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர்தான் இது, புட்டிதான் அழகு என்றாள். சயரோகத்துக்கு ஒரு லேகியம், அதன் உறையில் தாடிவைத்த ஒரு வெள்ளைக்காரர். இருபது வருஷமாக ஊரையே சிரிக்கவைத்த நான், ஊரில் எந்த ஏமாளியும் வாங்கத் தயங்கும் சாமான்களையெல்லாம் குடைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் அம்மாவும் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெறுங்காலோடு நடக்கிறாள், உனக்காகப் பால்குடம் நேர்ந்திருக்கிறாள். முன்பெல்லாம் அவளைச் சீண்டுவேன். இப்போது அவள் திருநீறு கொண்டுவந்தால் நெற்றியைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்காதே. எனக்கு நம்பிக்கையும் இல்லை, நம்பாமல் இருக்கத் தைரியமும் இல்லை.

இத்தனை கூத்துக்குப் பிறகு எனக்கு ஒன்று விளங்கியது. கச்சைக்காரன் நிச்சயம் என்றான். ரேடியத் தண்ணீர்க்காரன் நிச்சயம் என்றான். லேகியக்காரன் நிச்சயம், தவறினால் பணம் வாபஸ் என்றான். தெரியாது என்று சொன்னவர் டாக்டர் ஒருவர்தான். நான் வருஷக்கணக்காகச் சிரித்தது தெரியாது என்றவரைப் பார்த்து. நிச்சயம் என்றவர்களிடம் விளம்பரத்துக்குக் காசு வாங்கி, ஒற்றுப்பிழை திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கேலி செய்வது தப்பென்று நான் இப்போதும் சொல்லமாட்டேன், தம்பி. இந்த உலகத்தில் கேலி செய்யவேண்டியவை வண்டிவண்டியாகக் கிடக்கின்றன, நீ பிழைத்து வந்தால் இரண்டு பேருமாகச் செய்வோம். ஆனால் ஆளைப் பார்த்துச் செய்திருக்கவேண்டும்.

உன் அடுத்த கட்டில்காரரான பாயைப் பற்றியும் பேசியாகவேண்டும். கப்பித்தான் பள்ளிவாசல் பக்கத்தில், தோளில் கம்பு சுமந்து நாசி கண்டார் விற்றவர். நீயும் நானும் எத்தனை காலை அவரிடம் சோறு வாங்கியிருக்கிறோம், குழம்பைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றுங்கள் என்று நீ அவரிடம் கொஞ்சியிருக்கிறாய். போன வாரம் நீ தூங்கிக்கொண்டிருந்தபோது நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவரும் வந்து உட்கார்ந்தார். நான் பத்திரிகையில் இருப்பது அவருக்குத் தெரியாது, சோறு வாங்கிய முகம் என்ற அளவில்தான் பழக்கம். இந்த வார்டில் டாக்டருக்கு என்ன பெயர் தெரியுமா என்று கேட்டார். சைக்கிள் கடை என்று அவரே சொல்லிச் சிரித்தார். பிறகு உன் வாலை ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் சொன்னார். "யாரோ பேப்பர்ல எழுதிருக்கான், ஐயா. நல்லா சிரிக்கவைக்கிறான். அதக் கேட்டுத்தான் நானும் மொதல்ல வேணாம்னுட்டேன். பொறவு மூச்சு முட்டவும் சரின்னேன். டாக்டரு ஊசிய வச்சு வச்சுப் பாத்தாரு. ஒட்டிக்கிச்சாம், காத்து போகலை" என்றார். சொல்லிவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். எழுதியவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தண்ணீர் மட்டும் எடுத்துக்கொடுத்தேன்.

நேற்று நான் வந்தபோது அவர் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தது. முதலிலேயே ஊசி போட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் எழுதமாட்டேன், அது எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. காற்றுப் போக வழி இருந்த நாட்களை அவர் சிரித்துக் கழித்துவிட்டார் என்பது மட்டும் தெரியும். அந்தச் சிரிப்பை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். நீ அந்தக் கட்டிலை ஒரு முறை திரும்பிப் பார்த்தாய், பிறகுதான் டயர் என்றாய். உன் மனசு எனக்குப் புரியாதா? நீ பயந்துபோய் மறுக்கவில்லை. வார்டு முழுக்க உன் வேடிக்கைப் பேச்சைச் சொல்லிச் சிரிக்கிறது, அதைச் சொன்னவன் நீதான் என்று அவர்களுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். இப்போது போய் நெஞ்சைத் திறந்து காட்டி, எனக்கும் ஐந்து காசுக்கு அடியுங்கள் என்று கேட்க உனக்கு மானமாக இருக்கிறது. உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் மறுத்திருப்பேன். நாக்கைக் கொடுத்தேன் என்று கர்வப்பட்டேனே, இந்த ரோஷத்தையும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே, வெட்டிய பாதியைக் கேள். அந்த இங்கிலீஷ் பத்திரிகை என்னிடம் இல்லை, எப்போதோ மடித்து மேசைக்கால் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்துவிட்டேன். நினைவிலிருந்து எழுதுகிறேன். பனிமலை ஒன்றின் அடிவாரத்து ஆஸ்பத்திரியைப் பற்றிய செய்தி அது. எத்தனை பேருக்கு ஊசி போட்டார்கள், எத்தனை பேர் எழுந்தார்கள் என்று கணக்கு இருந்தது, அந்த எண்கள் எனக்கு மறந்துபோயின. எல்லாரும் எழுந்தார்கள் என்று போட்டிருக்கவில்லை. சிலருக்குப் பலிக்கவில்லை என்றும் அதே செய்தியில் இருந்தது, அதை மறைத்தால் நான் மறுபடியும் வெட்டுகிறவன் ஆவேன். ஆனால் ஒரு தபால்காரன் நினைவிருக்கிறான். படுக்கையோடு கிடந்தவன். ஊசி போட்டுக்கொண்டான், ஒரு முறை அல்ல, பல மாதங்கள் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டான், ஒவ்வொரு முறையும் முணுமுணுத்தான் என்றுகூட எழுதியிருந்தார்கள். பிறகு பழையபடி தபால்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பனியில் வீடுவீடாக ஏறியிறங்கினான். இவ்வளவுதான். இரண்டு விரல் இடம் போதும். உன் வாலை எடுத்துவிட்டு அந்தத் தபால்காரனைப் போட்டிருந்தால் யாரும் சிரித்திருக்கமாட்டார்கள். யாராவது அவனை ஞாபகம் வைத்திருப்பார்கள். பாய் ஞாபகம் வைத்திருப்பார்.

நீ பாதிச் செய்தியைக் கேட்டுத்தான் கேலி செய்தாய். முழுச் செய்தியையும் கேட்டிருந்தால் நீ அதைச் சொல்லியிருக்கமாட்டாய் என்று நான் சத்தியம் செய்யவில்லை, உன் நாக்கு எனக்குத் தெரியும். ஆனால் உனக்குக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. ஆகவே அந்தப் பேச்சுக்கு நீ கட்டுப்பட்டவனில்லை. அது அச்சில் ஏறிய நிமிஷமே என்னுடையதாகிவிட்டது. நான் அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், எல்லாரும் பார்க்க. அதற்காகத்தான் இது தபாலில் வராமல், என் பத்தி வரும் இடத்தில், திங்கட்கிழமைப் பத்திரிகையில் வருகிறது. உன் வார்டுக்கு மத்தியானம் பத்திரிகை வந்துசேரும், கட்டிலுக்குக் கட்டில் கைமாறும் என்று தெரியும். நம்முடைய பெயர்கள் இல்லை, ஆனால் நாலு தெருக்காரர்களுக்கு ஆள் யாரென்று தெரியாமல் போகாது. சயரோகம் வந்த வீடு என்றால் நாளைக்கு யாரும் நம் வீட்டு டம்ளரைத் தொடமாட்டார்கள், உனக்குப் பெண் கொடுக்கவும் யோசிப்பார்கள். இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொல்லித்தான் அனுமதி கேட்டேன். அவள் அடுப்பில் இருந்த சட்டியை இறக்கிவைத்துவிட்டு, "ஊருக்கே தெரியட்டும். புள்ள இருந்தாப் போதும்" என்றாள். பிறகு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

டாக்டருக்கு நான் பத்திரிகைக்காரன் என்று தெரியும், வால்காரன் என்று தெரியாது. நீங்கள் இதைப் பற்றி இரண்டு வரி நல்லதாக எழுதக்கூடாதா என்று எக்ஸ்ரே காட்டிய அன்றைக்கே கேட்டார். இரண்டு வரி கேட்டார், நான் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டேன். முதலாளி ரப்பர் விலையை அடுத்த பக்கத்துக்குத் தள்ளச் சம்மதித்தார், காரணம் கேட்கவில்லை. அச்சுக் கோப்பவர் இப்போது என் பக்கத்தில்தான் நிற்கிறார். இதுவரை எழுதிய தாள்களைக் கோத்துவிட்டார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே கோத்தார், ஈயத் தூசு என்கிறார். அடியில் நாலு விரல் மீதி இருக்கிறதாம். வாலுக்குச் சரியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் காத்திருக்கிறார்.

நீ பத்திரிகையைக் கையில் வாங்கியதும் விரலைக் கீழே இறக்கி, முதலில் இங்கேதான் வந்திருப்பாய். மேலே உள்ளதைப் பிறகு படித்துக்கொள், அதற்கு நிறைய நாள் இருக்கவேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் உன் கட்டிலுக்கு வரும்போது சரி என்று சொல். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொண்டே சொல். வார்டே சிரித்தாலும் சொல். எனக்கு வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. சரி என்று சொல்லிவிடு, தம்பி.